குவியலைச் சுற்றிய சாம்பற்கோடு

முழங்கை வரை எருக்குவியலுக்குள் செருகிய கையை மலையம்மாள் உடனே உருவுவதில்லை. கண்களை மூடி, உள்ளே கனலும் சூட்டை விரல்நுனியால் உணர்ந்து, பிறகு மெல்ல இழுத்து முகர்ந்து பார்ப்பார். "வெந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்பார், கேட்பதற்கு ஆளில்லாத போதும்.

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருடைய மாட்டுத்தொழு. பகலெல்லாம் காட்டில் மேயும் மலைமாடுகள் அந்தியில் இங்கே வந்தடையும். பாலுக்காக அவற்றை அவர் வளர்க்கவில்லை; சாணமே வருவாய். குமுளிக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு அதை லாரியில் ஏற்றிச் செல்பவர் அப்துல் சமது.

மலையம்மாள் எவரையும் எளிதில் நம்பார். யாரும் கைவைத்தால் தெரியும்படி களத்து நெல்லுக்குச் சாம்பற்குறி இடுவதுண்டு. இவர் எருவுக்கே இடுவார். மாலையில் குவியலைச் சுற்றி நீறு தூவிக் கோடிழுத்து, விடியலில் அது கலைந்திருக்கிறதா என்று குனிந்து நோக்குவார். "மண்ணக் கலந்துட்டு எம் மாட்டத்தான் குத்தஞ் சொல்வாக." சமதுக்கும் விலக்கில்லை. லாரிக்குள் ஏறி, மூலையில் மணல் கிடக்கிறதா என்று காலால் துழாவிய பின்னரே கூடையைத் தூக்க விடுவார்.

2009 மாசியில், ஆதித்தன் என்ற ஆய்வு மாணவர் தேனியிலிருந்து வந்தார். குவியலில் ஓர் இரும்பு வளையத்தைப் பதித்து, அதன்மேல் வாளியைக் கவிழ்த்து, வாளியின் துளைவழியே ஊசியால் காற்றை உறிஞ்சினார்.

"என்னத்த தம்பி உறிஞ்சுற?"

"எருவுல இருந்து வர்ற வாயுதாம்மா. மீத்தேன். மேல போயி பூமியச் சூடாக்கும். எவ்வளவு வருதுன்னு அளக்குறேன்."

"அளந்து யார்ட்ட குடுப்ப? பாரஸ்ட்டுக்காரககிட்டயா?"

"காலேஜ்லதாம்மா."

"அங்கன இருந்து எங்க போகும்?"

ஆதித்தன் ஊசிமுனையைக் கண்ணாடிக் குப்பிக்குள் செலுத்தினார். மலையம்மாளின் ஐயம் வலுத்தது. காட்டில் மேய்க்க வனத்துறை ஆண்டுதோறும் தரும் பாஸ் இவ்வாண்டு இன்னும் கைக்கு வரவில்லை. மாடு காற்றைக் கெடுக்கிறது என்று தாளில் ஏறிவிட்டால் அது வரவே வராது.

எரு ஏற்ற வந்து லாரியருகே நின்றிருந்த சமது வாயைக் கொடுத்தார். "ஏங்கக்கா, எருவுல மண்ணு கலக்குற மாதிரி, சுருளிப்பட்டி எருமைப் புகையையும் குப்பியில கலந்து ஒங்க பேர்ல எழுதிட்டா என்ன செய்வீக?"

சிரித்தவர் அவர் ஒருவரே.

"வளையம் அப்பிடியே இருக்கட்டும்மா. அடுத்த வாரம் வர்றேன்" என்று ஆதித்தன் விடைபெற்றார்.

அவர் தலை மறைந்ததும் சமது மெல்லச் சொன்னார்: "புடுங்கி எறிஞ்சிருங்கக்கா. வளையம் இல்லாட்டி எதை அளப்பாரு?"

மலையம்மாள் வளையத்தின் விளிம்பைப் பற்றினார். பிடுங்காமல் கையை எடுத்தார்.

"புடுங்குனா, பயந்துட்டாள்னு அதையும் எழுதுவாக. எம் மாட்டுது எம்புட்டோ, அம்புட்டு மட்டும் எழுதட்டும் பாய்."

எழுந்து அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி வந்தார். விரலிடுக்கில் சிந்தவிட்டு, வளையத்தைச் சுற்றிக் கோடிழுத்தார். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் கூடுமிடத்தில் நூலளவு இடைவெளி தெரிந்தது. மீண்டும் குனிந்து, ஒரு சிட்டிகை நீறெடுத்து, அதையும் அடைத்தார்.