இரண்டாவது சமக்குறி

என் நாத்தனார் என்னிடமிருந்து ஓர் எழுத்தைத் திருடிக்கொண்டாள். ஒரே எழுத்து. ‘ஆ’. அதை வைத்துத்தான் இன்று அவளுக்கு மேடை, மாலை, புத்தகம், பெயர் எல்லாம். சாட்சி என் பீரோவில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த இரும்புக் கம்பித் தொழிற்சாலையின் எடைமேடைச் சீட்டு அது. முன்பக்கம் ‘9 டன்’ என்று என் கையெழுத்து. அதன் மேல் குறுக்கே சிவப்பு மையில் ‘ரத்து’ என்று சூப்பர்வைசரின் கையெழுத்து. பின்பக்கம் பென்சிலில் இரண்டே வரி. முதல் வரியில் ஒரு சமக்குறி போட்டு ‘ஒன்பது’. இரண்டாம் வரியில் இரண்டு சமக்குறி போட்டு ‘ஒன்பதா’. அந்த இரண்டு வரியும் நான் எழுதியவை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மருந்துக் கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். வெப்சைட் செய்யக் கற்றுத் தருகிறோம், பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழி, இரண்டே மாதம், ஞாயிறு மட்டும் வகுப்பு என்று பேனர் கட்டினார்கள். என் நாத்தனார் அப்போது பி.எஸ்சி. கடைசி வருஷம். அவளைச் சேர்க்க வீட்டில் உடனே சம்மதித்தார்கள். ஆனால் தனியாக அனுப்பமாட்டார்களாம். ஆறு நாள் எடைமேடையில் லாரிப் புகை குடித்துவிட்டு ஏழாம் நாள் துணி துவைக்க வேண்டிய நான், துணைக்குப் போக வேண்டும் என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை. நான் பிளஸ் டூ முடித்தவள், மருமகள். வகுப்பில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பேரின் குடையையும் டிபன் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாரம் பாடம் நடத்திய சார் என்னைப் பார்த்து, “சும்மா உக்காந்துகினு இருக்கீங்களே, அந்த ஓரத்து மிஷினும் சும்மாத்தான் கெடக்குது, தட்டுங்கம்மா” என்றார். நான் படித்ததன் ஆரம்பம் அவ்வளவுதான்.

பொறாமை அன்றைக்கே வந்துவிட்டது. மறைக்க மாட்டேன். அவள் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுவாள். நான் ‘எஸ்’ எங்கே என்று தேடி முடிப்பதற்குள் அவள் மூன்று வரி முடித்திருப்பாள். ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் முழுப்பக்கமும் வராது என்று சார் சொன்னதை நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அவள் எழுதவே இல்லை, ஒரு தடவைகூட மறக்கவும் இல்லை. அவள் விரலைப் பார்த்தாலே எனக்கு எரியும். அந்த விரல்கள் பாத்திரம் தேய்த்தவை அல்ல. தேய்த்தது நான். அதையும் சேர்த்துத்தான் எரிந்தது.

புரோகிராமில் மாறி என்றால் என்ன என்று சார் விளக்கிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாறி என்பது டப்பா, டப்பாவுக்கு வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பொருள், பொருளை மாற்றலாம், பெயர் அப்படியே இருக்கும் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் ‘காபித்தூள்’ என்று எழுதிய டப்பாவில் மூன்று வருஷமாகக் கடுகுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு டப்பாவின் பெயருக்கு முன்னாலும் ஏன் ஒரு டாலர் குறி போட வேண்டும் என்று புரியவில்லை. நான் விட்டுவிட்டுத் தட்டினேன், பிழை வந்தது. மறுபடி விட்டேன், மறுபடி பிழை. நாத்தனார் தன் நாற்காலியைத் திருப்பி, “இன்னா அண்ணி, டப்பு ஒட்டாத டப்பாவ அது தொடுமா? மொதல்ல டப்பு, அப்பால டப்பா” என்றாள். வகுப்பே சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஆந்திரா பார்டர் வாசனை உண்டு, பணத்தை டப்பு என்று சொல்லாதவர் குறைவு. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் டாலர் குறியை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. டப்பு அவளுடையது. அதை நான் ஒருநாளும் என்னுடையது என்று சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் அவள் சொன்னது என்றே எழுதியிருக்கிறேன். கவனியுங்கள்.

இனி என் எழுத்துக்கு வருகிறேன். எடைமேடையில் உள் அறையில் ஒரு பெரியவர் முள்ளைப் பார்த்து எடையைக் கத்துவார். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சீட்டில் எழுதுவேன். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வரும் லாரிகள் வரிசையாக நிற்கும். பின்னால் உருட்டாலை ஓடும் இரைச்சல். ஒருநாள் ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நுழைத்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது “ஒம்போது.” உள்ளே பெரியவர் கத்தியதைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்து ஒன்பது டன் என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். உண்மையில் பதினொன்று. சூப்பர்வைசர் வந்து எல்லார் எதிரிலும் குதித்தார். “அவன் சொல்லலம்மா, கேட்டான்! ஒம்போதா-ன்னு கேட்டான்! அந்த ‘ஆ’ உன் காதுல உழலையா? கேக்கறதுக்கும் சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனுக்கு?” டிரைவர் வேறு சிரித்துக்கொண்டே, “வுடு சார், இன்னிக்கி நான் இன்னா கேட்டாலும் எழுதிக் குடுத்துருக்கும் அந்தம்மா, எனுக்குத்தான் தெரியாத போச்சு” என்றார். ரத்து செய்த சீட்டை சூப்பர்வைசர் என் கையிலேயே திணித்து, “வச்சிக்க, மறக்காத” என்றார். பர்ஸில் மடித்து வைத்தேன். மறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வகுப்பில் ஒரு பயிற்சி. வருகிறவர் பெயரைத் தட்ட வேண்டும். பெயர் ‘ரோஜா’ என்றால் மட்டும் உள்ளே விட்டு ‘வாங்க ரோஜா’ என்று பக்கம் வரவேற்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ‘போங்க’ என்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு சென்டர் முதலாளி வருவார், ஒரு ஆளைத் துணை ஆசிரியையாக எடுப்பார், இந்தப் பயிற்சியைச் செய்து அதைப் புரிகிற மாதிரி விளக்குகிறவருக்கு அந்த வேலை என்று சார் சொல்லியிருந்தார். நாத்தனார் பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டாள். ரோஜா என்று தட்டினாள், ‘வாங்க ரோஜா’ வந்தது. குமார் என்று தட்டினாள், ‘வாங்க ரோஜா.’ பேய் என்று தட்டினாள், ‘வாங்க ரோஜா.’ சார் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். அவள் அரைப்புள்ளியைப் பார்த்தாள், டப்பு பார்த்தாள், அடைப்புக்குறி எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் போனது. “நான் கேக்கறது அதுக்குப் புரிலியே அண்ணி” என்று முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் என்னைத் திட்டுவீர்கள். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் ‘நான் கேக்கறது’ என்று அவள் சொன்ன சொல் என் காதில் பட்டது. எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். அவள் ஒரு சமக்குறிதான் போட்டிருந்தாள். ஒரு சமக்குறி போட்டால் டப்பாவுக்குள் பொருளை வை என்று அர்த்தம். அது முதல் வாரப் பாடம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு போட வேண்டும் என்று சார் ஒரு தடவை சொன்னதும் என் நோட்டில் இருந்தது. அப்படியானால் குமார் வந்தாலும் பேய் வந்தாலும், உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு ரோஜாவை வைத்து, வாங்க ரோஜா என்கிறது மிஷின். அன்று ஒன்பது டன் எழுதிய என்னைப் போல. “பாப்பா, நீ கேக்கல, சொல்ற. பேரு ரோஜான்னு நீயே சொல்லிக் குடுக்கற, அது எழுதிக்குது. ரோஜாவா-ன்னு கேளு. அந்த ‘ஆ’ இல்ல பாரு” என்றேன். பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து அதன் பின்னால் அந்த இரண்டு வரியை எழுதிக் காட்டினேன். இரண்டாவது சமக்குறிதான் ‘ஆ’. அவள் ஒரு நிமிஷம் சீட்டையே பார்த்தாள். பிறகு இன்னொரு சமக்குறி சேர்த்தாள். பேய் என்று தட்டினாள். ‘போங்க’ என்றது. “அண்ணி! பேயை வெரட்டிட்ட அண்ணி!” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அது தேவைப்படவில்லை. பார்த்ததுமே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு முதலாளி முன்னால் நின்று அவள் விளக்கினாள். “ஒண்ணு போட்டா சொல்லும், ரெண்டு போட்டா கேக்கும். ரெண்டாவது சமக்குறி நம்ம தமிழ் ‘ஆ’.” கைதட்டினார்கள். இதோ என் பெயர் வரப்போகிறது என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். சாருக்கே ஆச்சரியம். “எப்பிடிம்மா தோணுச்சு உனுக்கு?” என்று கேட்டார். அவள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அப்போதும் என் மடியில் குடையும் டிபன் பையும் இருந்தன. “தானா தோணுச்சு சார்” என்றாள். வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் தனியாகப் போய் வரலாம் என்று வீட்டில் முடிவானது, வேலைக்குப் போகிறவளாயிற்றே. துணை தேவைப்படாததால் என் படிப்பு அன்றோடு நின்றது. நான் மேலும் பதினோரு வருஷம் லாரி எடை எழுதினேன்.

என்னை எடுத்திருப்பார்களா என்றால் தெரியாது. நான் மெதுவாகத் தட்டுகிறவள், ஆங்கிலம் திக்கும். அவள் கெட்டிக்காரி, உழைப்பாளி, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பிரசவத்துக்கு ராத்திரி பகல் பாராமல் கூட இருந்தவளும் அவள்தான். ஆனால் இன்று அவள் இணையத்தில் போடும் பாடங்களில் முதல் பாடம் ‘ஆ’. தொடக்கக்காரர்களுக்காகத் தமிழில் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் ‘ஆ’. பிள்ளைகள் அவளை ‘ஆ மேடம்’ என்கிறார்கள். போன வருஷம் என் மகளே அந்தப் பாடத்தை எனக்குப் போட்டுக் காட்டி, “அத்தை இன்னா சூப்பரா சொல்றாங்க பாரும்மா, உனுக்கே புரியும்” என்றாள். உனக்கே! நாஷ்டா தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

கேட்காமல் இல்லை. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவளிடம் நேராகவே கேட்டேன். “அதெல்லாம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துகினு கத்துக்கினதுதானே அண்ணி” என்று சிரித்தாள். ஒன்றாகவாம். என் வீட்டுக்காரர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, “ஒரு எழுத்துக்கா இவ்ளோ பேஜாரு?” என்றார். ஆமாம், ஒரு எழுத்துக்குத்தான். உங்கள் கேள்வியிலேயே அந்த எழுத்து இருக்கிறது, எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. சிரிப்பு நின்றது.

அந்த ‘ஆ’வை முதலில் என் காதில் போட்டவர் சூப்பர்வைசர், திட்டாகப் போட்டார். அதை மேலே எழுதிவிட்டேன். எழுத எனக்குச் சில வரிதான் பிடித்தது, அதனால் நான் குறைந்தும் போகவில்லை. இருநூறு பக்கப் புத்தகத்தில் உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா பாப்பா? அடுத்த மாதம் திருவள்ளூரில் உன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வெளியீடு. முதல் வரிசையில் உட்காருவேன், இந்தச் சீட்டோடு. மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, ஆனால் இரண்டு வரியும் படிக்கும்படி இருக்கின்றன. வீட்டில் வந்து சமாதானம் சொல்லாதே, தொலைபேசியில் அழாதே. மைக்கில் சொல். ‘அண்ணி சொன்னதா?’ என்று இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஊருக்கே கேட்கும்படி கேட்டுவிட்டேன். பதிலில் ‘ஆ’ வேண்டாம். ஒற்றைச் சமக்குறியில் சொல்: அண்ணி சொன்னது.