மெழுகில் போட்ட பிக்கப்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்திரண்டு வருடமாக கிடார் ரிப்பேர் செய்கிறேன். எந்தச் சத்தத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் இருக்கும். இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் இல்லை. அதுவும் நடுராத்திரி இல்லை, பட்டப்பகல். என் மேஜைக்கு எதிரிலேயே சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறது. அதனால் நேரத்தை எல்லாம் சரியாகவே சொல்கிறேன்.

முதலில் சண்டையைச் சொல்ல வேண்டும். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவன். வயது இருபத்தாறு, மூக்குக்கு மேல் கோபம். எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. கிடாருக்கு அதுதான் காது. அவன் தன் கையாலேயே ஒரு பிக்கப் சுற்றிக்கொண்டு வந்தான். பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்து எட்டாயிரம் சுற்று. மூன்று தடவை அறுந்து நாலாவது தடவைதான் வந்ததாம். கிடாரில் இருப்பதைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுத் தரச் சொன்னான். மெழுகில் மட்டும் போடக் கூடாது என்றான். உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தால் சுருள் ஆடாமல் இறுகிவிடும், வெளிச் சத்தம் எதையும் இழுக்காது. எல்லாரும் அப்படித்தான் செய்வோம். துரைக்கு அந்த வெளிச் சத்தம் வேண்டுமாம்.

இரண்டு மாதம் இழுத்தடித்தேன். ஒரு திங்கட்கிழமை கடைக்கே வந்து கேட்டான். வேலை தலைக்கு மேல் கிடந்த எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"உன் வாசிப்புக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான்டா."

கிடாரையும் பிக்கப்பையும் என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அன்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். கோபித்துக்கொண்டு யாராவது நண்பன் வீட்டில் ஒரு வாரம் போய் உட்கார்ந்துகொள்வது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை எந்த நண்பன் வீட்டிலும் அவன் இல்லை. என் மனைவி எல்லாருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டாள். வியாழக்கிழமை காலை, நான் செருப்பு மாட்டும்போது வாசலுக்கு வந்தாள்.

"என் தம்பி வந்தாத்தான் இனிமே உங்ககிட்ட பேச்சு."

இருபது வருட வாழ்க்கையில் அவள் அப்படிப் பேசியதே இல்லை. சரி, பிக்கப்பை மாட்டி ஒரு போட்டோ அனுப்பினால் பயல் ஓடி வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். கம்பிகளைக் கழற்றினேன். பழைய பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் சூடு காட்டி எடுத்தேன். புதியதை மாட்டும் முன் சோதிப்பது என் வழக்கம். மேஜை மேல் வைத்து, இரண்டு கிளிப் ஒயரால் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மூன்று தட்டு. ஸ்பீக்கரில் மூன்று தடவை கேட்டால் சுருள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மணி 3:50. தட்டினேன்.

டக்... டக்... டக்...

டக்.

நாலாவதை நான் தட்டவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைக்குக் கீழே டயர் கடை. சுத்தியலால் எதையாவது அடித்திருப்பார்கள், மெழுகு போடாத சுருள் அதை இழுத்திருக்கும், இதற்குத்தான் மெழுகு வேண்டும் என்பது என்று அவனை மனதுக்குள் திட்டினேன். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். டயர் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை.

திரும்பி வந்து ஒரு தட்டு தட்டினேன். ஒன்று திரும்பி வந்தது. இரண்டு தட்டினேன். சற்றுத் தாமதித்து... இரண்டு. ஐந்து தட்டினேன். ஐந்தும் வந்தது. கடைசித் தட்டு மட்டும் கொஞ்சம் பலவீனமாக இருந்தது.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

டக் டக் டக்... டக் டக் டக்...

தானாக. விடாமல்.

ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். குறையவில்லை. அப்போது என் போன் அடித்தது. மணி 4:04. மனைவி. பேச மாட்டேன் என்றவள், தம்பியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஸ்பீக்கரில் தட்டல் வேகமானது.

"அங்க என்ன சத்தம்?"

"வேலை."

"யாரோ கதவைத் தட்ற மாதிரி இருக்கு. போய்ப் பாருங்க."

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்கும் கேட்கிறது... அதுதான் என்னை உலுக்கிவிட்டது. வெயில் மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது, எனக்குக் குளிர் எடுத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாய்விட்டு அழுதுவிடலாம் போல இருந்தது. கதவு பக்கம் போகக்கூடத் தைரியம் வரவில்லை.

வேறொரு வேலைக்காகக் காலையிலிருந்தே மெழுகு உருகி நின்றது. ஓடிப் போய் பிக்கப்பை எடுத்து அதற்குள் இறக்கினேன். ரிப்பேருக்காக இல்லை. அதன் வாயை அடைக்க.

மணி 4:09.

சுருளுக்குள் இருக்கும் காற்று குமிழி குமிழியாக மேலே வரும். அது எப்போதும் வருவதுதான். கிளிப்பைக் கழற்ற மறந்துவிட்டேன்.

டக்... டக்...

மெழுகுக்கு உள்ளிருந்து.

குமிழி.

டக்...

குமிழி.

4:31. கடைசிக் குமிழி வந்தது.

பிறகு ஒன்றும் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பிக்கப்பைத் துடைத்து, ஆறவைத்து, கிடாரில் மாட்டினேன். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கண்டுபிடித்தார்கள். அவனும் நண்பர்களும் ஒரு ஃபர்னிச்சர் குடோனுக்கு அடியில், தரைக்குக் கீழே, ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்ப்பார்கள். வெளியே சத்தம் போகாமல் சுவர், கதவு, கூரை எல்லாம் கனமான பஞ்சு. மற்றவர்கள் அந்த வாரம் வெளியூரில். அவனிடம் ஒரு சாவி இருந்திருக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியவனுக்குத் திரும்பத் திறக்க முடியவில்லை. உள்பக்கக் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தக் கைப்பிடியால் மூலையில் இருந்த இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். குழாயில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் இல்லை. என் கடையிலிருந்து அந்த இடம் பதினோரு கிலோமீட்டர். வியாழக்கிழமை மாலை வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

போலீஸ் அவன் போனைத் திருப்பித் தர ஒரு மாதம் ஆனது. மனைவிதான் சார்ஜ் போட்டாள். அந்த அறையில் சிக்னல் கிடையாது. சார்ஜ் தீரக் கூடாது என்று போனை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான். போகாமல் நின்ற மெசேஜ்கள் இருபதுக்கு மேல். முதலில் உள்ளவை எல்லாம் அக்காவுக்கும் நண்பர்களுக்கும். கடைசி மூன்று எனக்கு. மூன்றும் வியாழக்கிழமை போட்டவை.

3:51. மாமா, நீங்க தட்றது கேக்குது.

4:05. நானும் தட்றேன். உங்களுக்குக் கேக்குதா?

4:33. ஏன் நிறுத்திட்டீங்க?

மனைவி மூன்றையும் இரண்டு தடவை படித்தாள். போனைக் கட்டில் மேல் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போனை வெச்சப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"