பெயரை வெட்டிய இடம்

என் கல்லூரி மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஹெட்போன் கிடக்கிறது. காதுப் பஞ்சு உரிந்து, வலது பக்கம் கறுப்பு டேப் சுற்றியது. தூக்கிப் போடச் சொல்லாதவர்கள் இல்லை. என் கணவர் பிறந்தநாளுக்கு ஒரு புதுசு வாங்கித் தந்தார். அதில் பாட்டு கேட்கிறேன். இந்தப் பழையதில் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு பதிவு. அது தொடங்கியதும் ஒரு சின்ன மௌனம் வரும். இயந்திரக் கோளாறு இல்லை. நானே என் கையால் வெட்டிய மௌனம்.

படித்தது மொழியியல். அதிலும் எனக்குப் பைத்தியம் பிடித்த பகுதி பிட்ஜினும் கிரியோலும். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத ஆட்களைத் துறைமுகத்திலோ கரும்புத் தோட்டத்திலோ கொண்டுவந்து கொட்டினால், வேலை நடக்க வேண்டுமே என்று ஆளுக்கு நாலு சொல் போட்டு ஒரு பேச்சை உண்டாக்கிக்கொள்வார்கள். அதுதான் பிட்ஜின். அது யாருக்கும் தாய்மொழி இல்லை. அதைக் கேட்டே குழந்தைகள் வளர்ந்தால், அவர்கள் வாயில் அது கிரியோல் ஆகிவிடும். பசிபிக் தீவிலும் கரீபியனிலும் நடந்ததையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு, பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய கூட்டத்தின் பேச்சு ஒரு நாள் காதில் விழுந்தது. அடடா, இதற்கா தீவு தீவாக அலைய ஆசைப்பட்டோம் என்றிருந்தது. பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும்.

அப்படித்தான் அங்கே ஒரு தையல் கம்பெனிக்குள் போனேன். ஒடிசா, பீகார், ராய்ச்சூர், கிருஷ்ணகிரி என்று எல்லா ஊர்ப் பெண்களும் வரிசை வரிசையாக மெஷினில் இருந்தார்கள். தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் மேசையில் நின்றவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அவர் செக்கிங் அக்கா. ஒடியாப் பெண்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "யே பீஸ் சரி இல்லா, வாபஸ் மாடு, ஜல்தி!" என்று இந்தியையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் கலந்து சட்டையைத் திருப்பி வீசுவார். பீகார்க்காரிக்கும் புரியும், ராய்ச்சூர்க்காரிக்கும் புரியும். அந்தப் பேச்சைப் படம் பிடித்ததுபோல் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

"என்னா மேடம், நாங்க வாய்க்கு வந்தத ஒளறிகினு இருக்கோம், அத புடிச்சி வெச்சி நீங்க டாக்டர் ஆவப் போறீங்களா?" என்று அக்கா என்னைக் கேலி செய்வார். ஆனால் ரிக்கார்டரை முதல் தடவை மேசையில் வைத்த அன்று அவர் சிரிக்கவில்லை. "எம் பேரு, எங்கொழந்த பேரு, எதுவும் வெளிய வரக்கூடாது. சூப்பர்வைசர் காதுக்குப் போனா என் வேல போச்சி. சத்தியம் பண்ணுங்க" என்று உள்ளங்கையை நீட்டினார். அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பெயர்களை நீக்குவது எங்கள் தொழிலிலும் விதிதான். எனவே சத்தியம் செய்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் பட்டன் போன் அடித்தது. மூன்று வயது மகள் ஊரில் அத்தை வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள், அவள்தான் பேசினாள். நான் ரிக்கார்டரை நிறுத்தப் போனேன். ஓடட்டும் என்று அக்கா கையை ஆட்டினார். அதுவரை நான் கேட்டறியாத குரல் ஒன்று அவரிடமிருந்து வந்தது. முதலில் மகளைக் கூப்பிட்டார். அப்புறம், "சோறு தின்னியா? அத்தகிட்ட மல்லுக்கு நிக்காத. அம்மா ஞாயித்துக்கெழம வரேன், வாசல்லயே நில்லு" என்றார். கம்பெனிக் கலவைப் பேச்சில் ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்தப் பேச்சைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார், அது கிரியோல் ஆகப்போவதில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு அன்று அவ்வளவுதான் தெரிந்தது.

பிறகு பெயர்களை வெட்டும் வேலை. திரையில் ஒலி மலையும் பள்ளமுமாக ஓடும். பெயர் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் இந்த ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறித்து, நடுவில் இருப்பதை நீக்கி, அதே நீளத்துக்கு மௌனம் வைக்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. என்னைப் போல் சுத்தமாக வெட்ட ஆளில்லை என்று துறையில் பேச்சு. எனக்கும் அதில் கொஞ்சம் திமிர். அக்காவின் மகள் பெயரை ஒரு முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். வெட்டினேன். பட்டியலில் 'குழந்தை ஒன்று' என்று குறித்தேன். ஆய்வு முடிந்ததும், விதிப்படி, வெட்டாத மூலப் பதிவுகளை ஒன்று விடாமல் அழித்தேன். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து, காய்ச்சலில் அக்கா போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அழுதேன், மறந்தேன். மறந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு பெண் கல்லூரிக்குத் தேடி வந்தாள். பொம்மசந்திராவுக்குப் பக்கத்துச் சந்தாபுராவில் பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். அதே தெருவில் இருக்கும், செக்கிங் அக்காவின் கம்பெனியில் மெஷினில் இருந்த ஒரு பெண்மணி, உங்கம்மா பேச்சை ஒரு மேடம் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லியிருக்கிறார். "அம்மா போட்டோ மூணு இருக்கு மேடம். கொரல் மட்டும் ஞாபகமே இல்ல" என்றாள். கொடுக்க நம்மிடம் ஏதோ இருக்கிறதே என்று துள்ளிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். கொடுக்கப்போவது என்ன என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, பாவி!

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டாள். சோறு தின்னியா என்ற இடத்தில் தலையை ஆட்டினாள், போனில் அம்மாவுக்குப் பதில் சொல்வதுபோல. மறுபடி கேட்டாள். ஐந்தாவது தடவை, "ஆரம்பத்துல என்னமோ கட்டாவுது மேடம்" என்றாள். அது உன் பெயர், நான்தான் எடுத்தேன் என்றேன்; உன் அம்மா வாங்கிய சத்தியம் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "எப்டி கூப்ட்டாங்க மேடம்? சர்டிபிகேட்ல இருக்கறது எம் பேரு இல்லியாம். அம்மா மட்டும் வேற ஒரு பேரு சொல்லுவாங்களாம். அத்தைக்கு மறந்துபோச்சி. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியவில்லை. எவ்வளவு முட்டினாலும் வரவில்லை. முப்பது தடவை கேட்டவளுக்கு எப்படி மறக்கும்? நான் கேட்டதெல்லாம் அது தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மட்டும்தான். பெயரைக் கேட்கவேயில்லை. உலகத்தில் அந்தப் பெயரைக் கேட்ட கடைசிக் காது என்னுடையது. அது தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டது. "தெரியலம்மா" என்றேன். பரவால்ல மேடம் என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் போனாள்.

வருஷா வருஷம் வகுப்பில் மொரீஷியஸ் பற்றிச் சொல்வேன். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம் ஆட்களின் வம்சத்தில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ஆனாலும் தமிழ்ப் பெயர்கள் பேரன் பேத்திவரை வந்திருக்கின்றன. பேச்சு போனாலும் பெயர் நிற்கும் என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்னவள் நான். இப்போது அந்த இடம் வந்தால் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறேன். வீட்டில் சும்மா இருக்கும்போதும், யாரோ ஒரு குழந்தையைக் கூப்பிடப்போவதுபோல் காதில் ஒரு இழுப்பு, உடனே மௌனம்.

அந்தப் பெண் விடவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு வாய்ஸ் மெசேஜ் வரும். "மேடம், கண்ணம்மாவா இருக்குமா?" "சின்னக்கிளியா மேடம்?" ஒவ்வொரு முறையும் இழுப்பறையைத் திறந்து, டேப் சுற்றிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இடம் வரும்போது அவள் அனுப்பிய பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும், எனக்கும் விடுதலை. இன்று காலை 'பவுனு' என்று அனுப்பியிருந்தாள். போட்டுக் கேட்டேன். பவுனு, சோறு தின்னியா. அளவு சரியாகப் பொருந்தியது. போன வாரம் அனுப்பியதும் பொருந்தியது, அதற்கு முந்தியதும் பொருந்தியது. தெரியலம்மா என்று பதில் போட்டுவிட்டு, ஹெட்போனை மேசைமேலேயே வைத்திருக்கிறேன். நாளைக்கு இன்னொரு பெயர் அனுப்புவாள்.