மாஸ்டர் மறைத்த நோவு

பெப்பர்மின்ட் வாசம் எங்கே வந்தாலும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சூயிங்கம் மென்றால்கூட, எனக்கு நெஞ்சு படபடக்கும்.

கனடாவில், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி. வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. அந்த மாடியில் நான் பார்த்தவர் தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த ரஷ்யக் கிழவர். கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரனை நம்பி மொஸ்கோவில் இரண்டு குளிர்காலம் கிடந்தேன். அங்கே நாவில் ஒட்டிய மொழிதான் என்னை அவரிடம் அனுப்பியது. மாஸ்டர் என்றே கூப்பிடுவேன். விண்வெளிக்குப் போகவென்று ரஷ்யாவில் ஆரம்பத்தில் பொறுக்கியெடுத்த பெடியளில் ஒருவர். போகவில்லை. பயிற்சியில் ஆளை வேகமாய்ச் சுழற்றும் இயந்திரத்தில் ஒருநாள் கண் இருட்டியதை டொக்டரிடம் உள்ளபடி சொன்னார். அடுத்த நாள் பட்டியலில் பெயர் இல்லை. பிறகு காலமெல்லாம் மற்றவர்களை அதே இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றிய பயிற்றுநர்.

அன்று காலை கதவைத் திறந்ததும் அந்தப் பெப்பர்மின்ட் வாசம். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கிற ரஷ்யக் குளிசை. அவர் முகம் சாம்பல்.

"நோகுதோ மாஸ்டர்?"

"மிட்டாய். போய்த் தேத்தண்ணி வை."

"பொய்."

"போனைத் தொட்டியெண்டா நாளைக்கு இந்தக் கதவு உனக்குத் திறக்காது. ஒருக்கா உண்மை சொன்னன், வானம் போச்சு. இனிச் சொன்னா வீடும் போகும். முதியோர் இல்லத்தில கொண்டுபோய்ப் போடுவாங்கள்."

அவர் பயந்தது நடக்கக்கூடியதுதான். அதுவே என் கையைப் பிடித்து வைத்தது. கேத்தில் கொதித்தது, அடங்கியது. அவருடைய விரல்கள் கதிரையின் கைப்பிடியை விடவில்லை.

"நீங்கள் பழக்கின பெடியன் ஒருத்தன் இந்த முகத்தோட வந்து மிட்டாய் எண்டு சொன்னா, மெஷினில ஏத்துவியளோ?"

"காதைப் பிடிச்சு இறக்கியிருப்பன்."

"அப்ப நீங்கள்?"

"அவங்கள் மடையங்கள். நான் மாஸ்டர்."

சிரிக்கப் பார்த்தார். பாதியில் மூச்சு முறிந்தது. அம்புலன்ஸுக்கு 911 அடித்தேன். தடுக்கவில்லை, திட்டினார், மொஸ்கோவில்கூட நான் கேளாத வசைகள்.

எலிவேற்றர் வாசலில் அம்புலன்ஸ்காரப் பெண் கேட்டாள், நோவு பத்துக்கு எத்தனை என்று. ரஷ்யனில் அவரிடம் கேட்டேன்.

"ரெண்டெண்டு சொல்லு," என்றார் என்னைப் பாராமல்.

"எயிட்," என்றேன் அவளிடம்.

ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் அவருக்கு விளங்கும். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள், எனக்கு இடமில்லை. கதவு மூடத் தொடங்கியபோது தலையைத் திருப்பி, என்னிடமல்ல, அவளிடம் சொன்னார்:

"நோ எயிட். நைன்."