ஏழாம் பக்கத்து வரி

காதைச் சுவரோடு ஒட்டி வைத்து, விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவார் யுவனேஸ்வரி. ஓரடி தள்ளி மறுபடியும். உள்ளே பொந்து இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். லேசர் கருவி கையில் இருந்தாலும் நாடாவால்தான் அளப்பார், அதுவும் இரண்டு தடவை. மலையூரான தானா ராத்தாவில், அரசு அலுவலகத்தில் கட்டடங்களைச் சோதிக்கும் டெக்னீசியன் அவர். எனக்குப் பக்கத்து மேசை. ஈப்போவிலிருந்து மாற்றலாகி எட்டு வருடமாயிற்று. இன்னும் மதியச் சோற்றை ஆபீஸ் வேனில் தனியாகத்தான் சாப்பிடுகிறார்.

போன வருடம் கம்போங் ராஜா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலைப் பாரம்பரியக் கட்டடமாகப் பதியலாமா என்று அவரிடம் அறிக்கை கேட்டார்கள். 1958இல் கட்டியது. பதிந்துவிட்டால் இடிக்க முடியாது. அதற்காகவே அங்கே ஜெபிக்கும் பத்தொன்பது குடும்பங்கள் மனுப் போட்டிருந்தன.

யுவனேஸ்வரி இந்து. ஆனாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு அந்த ஈரத் தரையில் நான்கு நாள் நடந்தார். மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வெகு செங்குத்தாக இறங்கும் கூரை. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அதைத் தாங்கும் மர உத்திரங்கள். பக்கச் சுவர்களில் காற்றுக்காகச் சிலுவை வடிவத் துளையிட்ட சிமெண்டுக் கற்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுபோல் ஒன்றில்லை. தன் அப்பாவும் தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆட்களும் வேலை முடிந்த சாயங்காலங்களில் பலகை அச்சில் வார்த்தவை என்றார், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் செல்வராஜு. அதையும் யுவனேஸ்வரி எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் பின்சுவரை மூன்று தடவை அளந்தார். மேலே காய்கறி போட யாரோ மலையை வெட்டியிருந்தார்கள். மண் இறங்கி, சுவர் நாலு விரற்கடை உள்ளே சாய்ந்திருந்தது. எழுதாமல் விட்டுவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அளந்துட்டா எழுதணும் லா," என்றார்.

கோயிலின் அருமையைச் சொன்ன ஆறு பக்கங்களை, பதிவை முடிவு செய்யும் கூட்டத்தில் யாரும் புரட்டவில்லை. ஏழாம் பக்கத்தில் சுவரைப் பற்றியிருந்த வரியை மட்டும் படித்தார்கள். பதிவு இல்லை, இடித்துவிடலாம்.

முடிவைச் சொல்லக் கடிதம் போட்டாலே போதும். யுவனேஸ்வரி நேரில் போனார், நானும் கூடப் போனேன். செல்வராஜு தன் வீட்டு வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நம்ப கோயிலு நல்லாருக்குன்னு எழுதலையாம்மா?"

"ஆறு பக்கம் எழுதுனேன் அங்கிள்."

"அந்த ஒரு வரிய விட்டிருக்கலாம்லம்மா."

"ஞாயித்துக்கெழம அந்தச் சுவத்துப் பக்கம் பிள்ளைங்க ஒக்காந்திருக்குங்களே அங்கிள்."

அவர் கதவைச் சாத்தினார்.

இடிப்பதற்கு முந்தின நாள், கோயிலை ஒப்படைக்கும் படிவத்தில் செல்வராஜுவின் கையெழுத்து வாங்கப் போனோம். தூறல். மற்றவர்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். லோரியில் ஏற்றுவதற்காகச் செல்வராஜு ஒரு நீளப் பெஞ்சைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை.

யுவனேஸ்வரி படிவத்தை அப்படியே சேற்றில் வைத்துவிட்டு, பெஞ்சின் மறுமுனையைத் தூக்கினார்.