ஏழு சாட்சிகளும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

எங்கள் பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் சாட்சிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஏஐ எழுதித் தருகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டாம். எந்த ஏஐ, என்ன எழுதியது, எப்போது எழுதியது என்ற குறிப்போடு அந்த எண் ஏழு பேர் வீட்டுக் கணினிகளில் தனித்தனியாகப் பதிவாகும். பின்னால் தகராறு வந்தால் ஐந்து பேராவது "என்னிடம் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். ஒரே ஆளிடம் இருந்தால் அவரைச் சரிக்கட்டிவிடலாமே, அதனால் இந்த ஏற்பாடு. அந்த ஏழு பேரில் இவரும் ஒருவர். சம்பளம் கிடையாது. ஆனாலும் மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அவருடைய தங்கை அதே வீட்டிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டை ஏஐ எழுதும். ஓர் எழுத்தையும் தொடாமல் அச்சுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. ஒரு சீட்டில் வேளைக்கு ஒரு மாத்திரை என்பதற்குப் பதில் இரண்டு என்று வந்துவிட்டது. நல்லவேளை, கடைக்குப் போகுமுன் பிடித்துவிட்டார்கள். ஆனால் கையால் மாற்றியது அவள்தான் என்று கம்பெனி பழியை அவள் தலையில் கட்டியது. வேலை போகும் நிலை.

சாட்சிகளைக் கேட்டார்கள். நாலு பேரிடம் பதிவு இருந்தது. ஏஐ எழுதியதே இரண்டுதான். ஒருவர் கணினி ரிப்பேர். இன்னொரு சாட்சியான பேக்கரிக்காரர் வெளியூர். மிச்சம் இருந்தது அண்ணன்.

அவர் கணினியில் சீட்டு எழுதப்பட்ட அந்தக் கால் மணி நேரம் காலி. ஏஐ சீட்டை எழுதி முடிக்கட்டும், அதுவரை சும்மா இருப்பானேன் என்று அண்ணன் கணினியின் பிளக்கைப் பிடுங்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டது சாட்சாத் தங்கையேதான்.

"அண்ணா, மத்தவங்க கிட்ட இருக்கிறதை எடுத்து ஒட்டிட்டு ஆமான்னு சொல்லிடு. பொய் இல்லையே, நடந்ததுதானே?"

"நடந்ததுதாம்மா. ஆனா நம்ம கணினி பார்க்கலையே."

இல்லை என்று பதில் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போட்டிருப்பேன். தங்கை மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் கதவை மூடிக்கொண்டு அழுததாக என்னிடம் மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் பேக்கரிக்காரர் ஊர் திரும்பிக் கணினியைப் பார்த்தார். பதிவு இருந்தது. வேலை தப்பியது.

அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். தங்கை அண்ணனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர்கிட்டயும் இல்லாம போயிருந்தா?"

"உனக்கு வேற வேலை தேடி உன்கூட அலைஞ்சிருப்பேன்."

மறுநாளிலிருந்து அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள்.