வசனக்காரருக்கு வாசித்துக் காட்டியவர்

அந்தப் பக்கத்தில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை, "வசனக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். கம்ப்ரசரைத் தட்டிப் பார்க்கும்போது ஒரு வசனம், கேஸ் ஏற்றும்போது ஒரு வசனம், குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் அதற்கும் ஒன்று. யாராவது தங்கள் கோயில் வழக்கம் எதையாவது பற்றி வாயெடுத்தால் போதும். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "வேதத்துல எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பாப்போம்" என்பார். பதில் தெரியாதவர்கள் சிரித்து மழுப்புவார்கள். பதில் தெரிந்தவர்கள் ஃபிரிட்ஜ் ஓடினால் போதுமென்று பேசாமல் இருப்பார்கள்.

அவர் போகும் சபை ஒரு மரக்கடைக்கு மேலே, வெள்ளையடித்த ஒரே அறையில் கூடியது. சுவரில் சிலுவைகூடக் கிடையாது. மேசைமேல் வேதாகமம் மட்டும். "விசுவாசத்துக்கு இது மட்டும் போதும்" என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை. அவருக்கு அது வெறும் வார்த்தையாக இருக்கவில்லை. மனைவி இறந்துபோன பிறகு சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தது அந்தப் புத்தகம்தான். விடிந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வாசிப்பார். அப்புறம்தான் காபி, அப்புறம்தான் உலகம்.

ஒருநாள் ஐஸ்கிரீம் கடை ஒன்றில் வேலையாக இருந்தபோது லேசாகத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சரியாகிவிட்டது என்று நினைத்துப் புது மோட்டாரின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதன்மேல் ஏதோ அச்சடித்திருந்தது. என்ன பாஷை என்று தெரியவில்லை. "ஏன்யா, வெளிநாட்டுச் சரக்கை இறக்கிட்டீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டியில் இருந்தது சுத்தமான தமிழ்.

ஆஸ்பத்திரியில் பார்த்து, மூளைக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு என்றார்கள். கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை. கண் பார்ப்பதை எழுத்தாகப் புரிந்துகொள்ளும் வழி மட்டும் அறுந்துபோயிருந்தது. டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். அழகாக எழுதினார். அதையே வாசிக்கச் சொன்னபோது, யாரோ கிறுக்கிய தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எழுத வருது, படிக்க வரலயா? இது என்ன கூத்து?" என்று கேட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

மகள் அதே வீட்டில்தான் கணவனோடு இருந்தாள். பிள்ளை பெற்று இன்னும் உடம்பு தேறவில்லை. அப்பாவுக்காக செல்போனில் வேத வாசிப்பு ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். அவர் ஒரு அதிகாரம் கேட்டார்.

"ஏம்மா, கர்த்தர் பேசுறப்போ பின்னால புல்லாங்குழல் எதுக்கு?"

"அது எல்லாத்துலயும் அப்படித்தான்பா இருக்கு."

"அவன் பாட்டுக்கு ஓடுறான். நில்லுன்னு சொன்னா நிக்க மாட்டேங்குறான்."

பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சம்பந்தியம்மா குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே இதைக் கேட்டார். மருமகனின் தாய். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கர். கையில் செபமாலை, கைப்பையில் புனிதர் படம். அவருக்கும் வசனக்காரருக்கும் இடையே அதுவரை "சாப்டீங்களா", "சாப்டேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. வளர்ந்தால் எங்கே போய் முட்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் வேணா வாசிக்கட்டுமா, சம்பந்தி?" என்றார் அந்த அம்மா. "நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன்."

அவர் தயங்கினார். வேறு வழியில்லை. அந்த அம்மாவுக்குத் தான் கொண்டுவந்திருந்த வேதாகமத்தின் பெரிய எழுத்துதான் கண்ணுக்குத் தோது. அதற்கும் ஒத்துக்கொண்டார். "ஆனா எங்க ஆளுங்க கர்த்தர்னுதான் சொல்லுவாங்க. 'ஆண்டவர்'னு காதுல விழுந்தா யாரோ வேத்து ஆள் மாதிரி இருக்கு" என்றார். அந்த அம்மா அன்று முதல் 'ஆண்டவர்' என்று அச்சிட்டிருந்த இடமெல்லாம் வாயால் 'கர்த்தர்' என்று மாற்றி வாசித்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

இஸ்ரவேலர் அடிமைத்தனத்திலிருந்து புறப்படும் பகுதியை வாசித்த அன்று வசனக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சம்பந்தியம்மா, நீங்க வாசிச்சா அவங்க மூணாவது பிளாட்பாரத்துல இருந்து கிளம்புற மாதிரியே இருக்கு" என்றார். "சமுத்திரம் பிளக்குறதுல கொஞ்சம் தாமதம். பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அந்த அம்மா அதே குரலில் சொல்ல, உள்ளே குழந்தையோடு படுத்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் முரண்டு பிடித்தார். மாத்திரை. கர்த்தரை நம்புகிறவன் டப்பா டப்பாவாக விழுங்குவது ஒரு குறைச்சல் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. மகள் கெஞ்சிப் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். ஒரு காலை, சம்பந்தியம்மா புத்தகத்தைப் புரட்டி, வைத்தியரைப் பற்றிய ஒரு பகுதியை எடுத்து வாசித்தார். வைத்தியரை மதிக்கவேண்டும், அவரை உண்டாக்கியவரும் கர்த்தரே, மண்ணிலிருந்து மருந்து விளையச் செய்தவரும் அவரே, புத்தியுள்ளவன் அதை ஒதுக்கமாட்டான் என்ற பொருளில் அது போயிற்று.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.

வாசித்தார். அவர் கண்ணை மூடிக் கேட்டார். எந்த அதிகாரம் என்று நினைவு வரவில்லை. முன்பெல்லாம் பாதி வசனம் கேட்டாலே இடம் சொல்லிவிடுவார். அடைப்பு இதையும் தின்றுவிட்டது என்று நினைத்தார். கேட்க வெட்கப்பட்டு, கேட்கவில்லை. ஆனால் அன்று மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தார். வியாதியில் கர்த்தர் தன்னோடு பேசினதைச் சொல்லி, வைத்தியரைப் பற்றிய அந்த வசனங்களை மனப்பாடமாக ஒப்பித்தார். சிலர் "ஆமென்" என்றார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் பக்கம் புரட்டித் தேடினார்கள். புரட்டும் சத்தம் நிற்கவேயில்லை. சபை மூப்பர் மெதுவாக, "அது எந்த இடம், சகோதரரே?" என்றார். மூப்பர் மருந்துக்கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர்.

"அதுதாண்ணே ஞாபகம் வரல."

மூப்பர் பிறகு அவரைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "அது நம்ம வேதத்துல இல்ல. கத்தோலிக்கர் வேதத்துல சில புத்தகங்கள் கூடுதலா இருக்கு. அதுல வருது."

கீழே மரம் அறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் "எங்க எழுதியிருக்கு" என்று கேட்டவர், எழுதாததை எழுதியதாகச் சொல்லிவிட்டு வந்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏமாத்திட்டீங்களே, சம்பந்தியம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வாடிவிட்டது. "சத்தியமா ஏமாத்தல. எனக்கு அது வேதம்தான். சின்ன வயசுலேருந்து கேட்டு வளந்தது. உங்க புத்தகத்துல இல்லேங்கிறது அப்போ தோணவே இல்ல. மாத்திரை உள்ள போகணுமேன்னுதான் தேடினேன்."

"வேதத்துல மனுஷன் கூட்டக் கூடாது."

"சரி. குறைக்கலாமா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"நான் சண்டைக்குச் சொல்லல" என்றார் அந்த அம்மா. "உங்க புத்தகத்துல முதல்ல பொருளடக்கம்னு ஒரு பக்கம் இருக்கு இல்லையா? இந்த இந்தப் புத்தகம்தான் வேதம்னு. அந்தப் பக்கத்துக்கு வசனம் எங்க இருக்கு? எங்க எழுதியிருக்கு?"

அவர் கேள்வியை அவரிடமே யாரும் அதுவரை திருப்பிக் கேட்டதில்லை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று வாசிப்பு இல்லை. மறுநாளும் இல்லை. மகள் சமையலறையிலிருந்து இருவருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக் கால் ஓய்ந்துபோனாள்.

அந்த நாட்களில் அவர் வெறுமனே வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் அட்டை, மனைவி போட்ட துணி உறை எல்லாம் கைக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது மட்டும் எட்டவில்லை. அது போதுமா போதாதா என்று இவ்வளவு காலம் வாதாடியாயிற்று. போதும் என்பதில் இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் அது தன்னிடம் வந்து சேர்ந்தது எப்படி என்று யோசித்ததே இல்லை. யாரோ எழுதிவைத்ததை யாரோ பிரதியெடுத்து, இது சேரும் இது சேராது என்று பார்த்து, தமிழாக்கி, அச்சடித்து, கடைசியில் அவர் அம்மா அவரை மடியில் வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்து. அவர்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது, அம்மாவைத் தவிர.

மூப்பரின் மருந்துக்கடைக்குப் போனார். கேள்வியை மறைக்காமல் கேட்டார். மூப்பர் கோபப்படவில்லை.

"பச்சைக் குழந்தை அம்மா குரலை அடையாளம் கண்டுக்குது" என்றார். "குழந்தை கண்டுக்கிட்டதால அவ அம்மா ஆகல. அவ ஏற்கெனவே அம்மா. அந்த மாதிரி, சபை வேதத்தை உண்டாக்கல. எது கர்த்தர் குரல்னு அடையாளம் கண்டுக்கிச்சு. அவ்வளவுதான்."

வசனக்காரருக்கு அது பிடித்தது. உள்ளே ஏதோ ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அண்ணே, அந்தக் குழந்தை இருந்தாகணும்ல? கேக்கிறதுக்கு?" என்றார்.

"இருந்தாகணும்" என்றார் மூப்பர், ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் மருந்தை எடுத்துக்கொடுத்தபடி.

"அந்தக் குழந்தை ரெண்டு வீட்டுலயும் வேற வேற மாதிரி கேட்டிருந்தா?"

மூப்பர் அந்த வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். "அதுக்கு நான் படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றார். தெரியாது என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டதை அவர் மதிப்போடு நினைத்துக்கொண்டே வீடு வந்தார்.

சம்பந்தியம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பகுதி எனக்கு வேதம் இல்ல" என்றார். "அதை விட்டுத்தர மாட்டேன்."

"விட்டுத்தர வேணாம்."

"ஆனா நல்ல வார்த்தை. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்தேன். டப்பா குறையுது."

"என் புத்தகத்துலேருந்து வாசிக்கிறீங்களா? எழுத்து பொடிசு. கண்ணாடி வேணா புதுசு வாங்கித் தரேன்."

அந்த அம்மா குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, துணி உறையைக் கழற்றினார். இந்த முறை மாற்றி வாசிக்க வேண்டியிருக்கவில்லை, 'கர்த்தர்' என்றே அச்சிட்டிருந்தது. பழக்கமில்லாத பழைய நடையில் சில இடங்களில் தடுக்கியது. தடுக்கிய இடத்தில் அவர் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நினைவு போகவில்லை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

சபையில் இரண்டு பேருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "மரியாளுக்கு மாலை ஜெபிக்கிற கையால வேதம் புரட்டுறதா?" என்று ஒருவர் கேட்டார். வசனக்காரர், "வாசிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று பழைய குரலில் கேட்டுவிட்டு, உடனே தணிந்து, "என்னால வாசிக்க முடியல, தம்பி. நீங்க வந்து வாசிக்கிறதுன்னாலும் வாங்க" என்றார். கேட்டவர் வரவில்லை. ஆனால் அப்புறம் எதுவும் சொல்லவுமில்லை.

மருத்துவமனையில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விரலால் வரைந்தால் கை அடையாளம் சொல்லும். அவர் தினமும் வரைந்தார். ஒரு வரிக்கு வெகுநேரம் பிடித்தது. பல மாதம் கழித்துத் தட்டுத்தடுமாறி ஒரு வசனத்தைத் தானே வாசித்து முடித்தபோது மகள் அழுதாள். அவர் அழவில்லை. "வசனம் சரி, இதுக்கு என்ன அர்த்தம்னு இப்போ ஒரு சந்தேகம்" என்றார்.

மூப்பர் ஒருநாள் தடிமனான இரண்டு புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தார். படித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னதற்கு. வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் சம்பந்தியம்மா ஒன்று சொல்ல, மூப்பர் மறுக்க, வசனக்காரர் நடுவில் புகுந்து இருவரையும் மறுத்தார். வேதமே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்றார் மூப்பர். அளவுகோலைப் பிடிக்க ஒரு கை வேண்டாமா என்றார் அந்த அம்மா. கை நடுங்கினால் அளவுகோல்தான் சரி, கை அல்ல என்றார் வசனக்காரர். குரல் ஏறியது, காபி ஆறியது, யாருக்கும் கோபம் வரவில்லை.

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, அத்தை, கொஞ்சம் மெதுவா. இப்பத்தான் தூங்க வச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.